அங்ககச் சான்று வாங்க நினைக்கும் சிறு விவசாயிக்கு: பணம் கட்டுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

சத்தியமங்கலம் வட்டத்தில் எங்களுக்கு நான்கரை ஏக்கர் நிலம் இருக்கிறது. மஞ்சள், நிலக்கடலை, கொஞ்சம் தென்னை. ரசாயன உரமும் மருந்தும் இல்லாமல் விளைவித்தது (ஆர்கானிக்) என்பதற்கான அங்ககச் சான்றுக்காக நான் முதன்முதலில் அலுவலகப் படியேறியது 2018 தை மாதம். முழுச் சான்றுடன் மஞ்சளை விற்றது 2023 மாசியில். இடையில் கழிந்த ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகள், விதிகளைச் சரியாகப் படிக்காததாலும் நில ஆவணங்களைச் சீர்செய்து வைக்காததாலும் மட்டுமே வீணாயின. மருந்து தெளிக்காமல் விவசாயம் செய்வது கடினம். அதைவிடக் கடினம், அப்படிச் செய்ததைத் தாளில் நிறுவுவது. அந்த இரண்டாவது வேலையில் நான் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. உங்களிடம் சான்று கேட்பவர் யார் என்று முதலில் பாருங்கள்

விண்ணப்பப் படிவத்தை வாங்குவதற்கு முன், உங்கள் விளைச்சலை யார் வாங்கப் போகிறார் என்பதை எழுதிப் பாருங்கள். அங்கக முத்திரையின் பயன் முழுவதும் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

உங்கள் தோட்டத்தையே வந்து பார்த்து, உங்கள் பெயர் சொல்லி வாங்கிச் செல்லும் இருபது குடும்பங்கள்தாம் உங்கள் சந்தை என்றால், முத்திரையால் அவர்களுக்குப் புதிதாகத் தெரியப் போவது எதுவுமில்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலத்துக்கு வைப்பவராக இருந்தாலும் இதே நிலைதான். அங்கே மஞ்சள் விரலியின் நிறம், பருமன், காய்ந்த பதம் இவற்றைப் பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள். என் சான்றை எடுத்து நீட்டியபோதும் பக்கத்துக் குவியலுக்குக் கிடைத்த விலைதான் எனக்கும் கிடைத்தது. ஆனால் சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கும் அங்கக உணவுக் கடை, மசாலா நிறுவனம், ஏற்றுமதியாளர் ஆகியோர் உங்களை நேரில் அறியாதவர்கள். அவர்களுக்கு உங்கள் சொல்லுக்குப் பதிலாக ஒரு தாள் வேண்டும். உங்களுக்கும் உண்பவருக்கும் இடையே தூரம் கூடக்கூடத்தான் முத்திரைக்கு மதிப்பு ஏறுகிறது.

எனவே, வாங்கக்கூடிய இரண்டு மூன்று பேரிடம் பேசி, எந்தச் சான்றை ஏற்பார்கள், கிலோவுக்கு எவ்வளவு கூடுதலாகத் தருவார்கள் என்று கேட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். நான் இதைக் கடைசியில் செய்தேன்.

2. இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

இந்தியாவில் உணவுப்பொருளை அங்ககம் என்று முத்திரையிட்டு விற்க இரண்டு முறைகள் உண்டு.

ஒன்று, மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் உள்ள அபீடா நடத்தும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டம், சுருக்கமாக என்பிஓபி. இதில் உங்களுக்கும் வாங்குபவருக்கும் தொடர்பில்லாத மூன்றாம் தரப்பு நிறுவனம் வந்து ஆய்வு செய்யும். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறை இப்படி ஆய்வு செய்து சான்றளிக்க ஏற்பு பெற்றது. தனியார் நிறுவனங்களும் பல உள்ளன. இரண்டில் ஏற்றுமதிக்கு உதவுவது இந்த வழி மட்டுமே.

மற்றொன்று, மத்திய வேளாண் அமைச்சகத்தின் பங்கேற்பு உத்தரவாத முறை. பிஜிஎஸ் இந்தியா என்பார்கள். ஒரே ஊரிலோ அக்கம்பக்கத்திலோ உள்ள விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து, உறுதிமொழி எடுத்து, ஒருவர் நிலத்தை மற்றவர் ஆய்வு செய்து பதிவிட வேண்டும். வட்டார மன்றம் அதைச் சரிபார்த்துச் சான்று தரும். ரசாயன முறையிலிருந்து அங்கக முறைக்கு நிலம் மாறும் மாற்றுக் காலத்தில் பிஜிஎஸ் கிரீன் சான்று, அது முடிந்ததும் பிஜிஎஸ் ஆர்கானிக். செலவு மிகக் குறைவு. உள்நாட்டுச் சந்தைக்கு மட்டுமே செல்லும்.

பிஜிஎஸ் மலிவு என்பதால் அது தரம் குறைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் வரும் ஆய்வாளரின் கண்ணைவிட, தினமும் வரப்பில் நடக்கும் பக்கத்துக் காட்டுக்காரரின் கண்ணுக்கு அதிகம் தெரியும். ஆனால் அந்தக் குழுவில் ஒருவர் தவறினால் மற்றவர்கள் வாய் திறக்கத் துணிய வேண்டும். உறவும் ஊர்க்கட்டும் குறுக்கே வரும் இடங்களில் இந்த முறை பலவீனமாகிவிடுகிறது. உங்கள் குழுவில் யார் யார் என்பதை நேர்மையாக எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தனி நபராக என்பிஓபி செலவு கட்டாது என்றால், 25 பேர் முதல் 500 பேர் வரை சேர்ந்து உற்பத்தியாளர் குழுவாகப் பதியலாம். குழுவுக்குள்ளேயே ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு இருக்க வேண்டும். அதன் ஆட்கள் ஒவ்வொரு நிலத்தையும் பார்த்துப் பதிவிட, வெளி நிறுவனம் அந்தப் பதிவுகளையும் சில நிலங்களையும் சோதிக்கும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. குழுச் சான்று உங்கள் பெயரில் வராது, குழுவின் பெயரில்தான் வரும். நீங்கள் விலகினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. மாற்றுக் காலப் பதிவுகள் கூடக் குழுவிடம்தான் இருக்கும். சேரும்போதே உங்கள் நிலத்தின் பதிவு நகல்களை ஒவ்வொரு ஆண்டும் தர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஏற்றுமதியை நினைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எல்லா நாடுகளும் எல்லாச் சான்றையும் ஏற்பதில்லை. 2021 ஜனவரியில் அமெரிக்க வேளாண் துறை, இந்தியாவுடன் இருந்த அங்கீகார ஏற்பாட்டை முடித்துக்கொண்டது. அதன்பின் அந்த நாட்டுக்கு அனுப்ப அவர்களுடைய விதிப்படி தனிச் சான்று தேவை. எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமிநீக்க வேதிப்பொருள் கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து ஐரோப்பிய ஒன்றியம், இந்தியாவில் இயங்கிய ஐந்து சான்றளிப்பு நிறுவனங்களுக்கான ஏற்பை விலக்கிக்கொண்டது. அவர்களிடம் பதிந்திருந்த விவசாயிகள் தங்கள் தவறு எதுவும் இல்லாமலே சந்தையை இழந்தார்கள். ஆகவே எந்த நிறுவனத்திடம் பதிந்தாலும், உங்கள் சரக்கு போக வேண்டிய நாடு இன்று அந்த நிறுவனத்தை ஏற்கிறதா என்று வாங்குபவரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

3. நில ஆவணங்களை முதலில் சரிசெய்யுங்கள்

நான் முதலில் இடறியது இங்கேதான். பட்டா தாத்தாவின் பெயரில், சித்தப்பாவுடன் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருந்தது. உழுவது நான்தான் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் சான்று, எந்தப் புல எண்ணில் எவ்வளவு பரப்பில் யார் பயிர் செய்கிறார் என்பதற்குத்தான் தரப்படுகிறது. வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், உட்பிரிவு அளவை, தனிப் பட்டா என்று எல்லாம் முடிய 2019 ஜூன் ஆகிவிட்டது.

நீங்கள் எடுத்து வைக்க வேண்டியவை: உங்கள் பெயரிலான பட்டா, சிட்டா, நடப்பு ஆண்டின் அடங்கல், புல வரைபடம், குத்தகை நிலம் என்றால் மாற்றுக் காலம் முழுவதையும் உள்ளடக்கிய எழுத்துப்பூர்வமான குத்தகைப் பத்திரம். வாய்மொழிக் குத்தகை செல்லாது. அடங்கலில் என்ன பயிர் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். எங்கள் அடங்கலில் மஞ்சள் நின்ற காட்டுக்குக் கரும்பு என்று இருந்தது. ஆய்வின்போது அதை விளக்க வேண்டியதாயிற்று.

4. விண்ணப்பமும் கட்டணமும்

அரசுத் துறையில் விண்ணப்பிக்கும்போது நான் கொடுத்தவை இவை: விண்ணப்பப் படிவம், பண்ணையின் பொது விவரக்குறிப்பு, பண்ணை வரைபடம், மண் மற்றும் பாசன நீர்ப் பரிசோதனை முடிவுகள், ஆண்டுப் பயிர்த் திட்டம், துறையுடன் செய்துகொள்ளும் ஒப்பந்தம், நில ஆவணங்கள், பான் அட்டை, ஆதார், புகைப்படம், வட்டாட்சியர் தரும் சிறு குறு விவசாயி சான்று. படிவத் தொகுப்பை மூன்று நகல்களாகக் கேட்பார்கள். நான்காவது ஒன்றை எடுத்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

சிறு குறு விவசாயி சான்று இல்லாவிட்டால் கூடுதல் கட்டணப் பிரிவில் போய்விடுவீர்கள். நான் பதிந்தபோது ஆண்டுக் கட்டணம் சிறு, குறு விவசாயிக்கு 2,700 ரூபாய், பிற விவசாயிக்கு 3,200, குழுவுக்கு 7,200. இவை மாறக்கூடியவை, கட்டும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் நிறுவனங்களில் கட்டணம் இதைவிடப் பல மடங்கு ஆகலாம். ஆய்வாளரின் பயணச் செலவும், விளைச்சலில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் எச்சச் சோதனைச் செலவும் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் பெறாமல் கையெழுத்திட வேண்டாம்.

என் கணக்கை அப்படியே சொல்கிறேன். நான்கு ஆண்டுக் கட்டணம் 10,800. பூச்சிமருந்து எச்சச் சோதனை இரண்டு முறை, ஏறத்தாழ 14,000. மண், நீர்ப் பரிசோதனை 1,000. ஆவணம், நகல், பேருந்து என்று 6,000. மொத்தம் 31,800 ரூபாய். எனக்கு மஞ்சள் இரண்டாயிரம் கிலோ அளவில் வரும். கிலோவுக்கு 16 ரூபாய் கூடுதலாகத் தரும் வாங்குபவர் இருந்தால் ஒரே அறுவடையில் இந்தச் செலவு திரும்பிவிடும். அப்படி ஒருவர் இல்லையென்றால் எத்தனை அறுவடை ஆனாலும் திரும்பாது.

5. பதிவுத் தேதியைப் பயிர்ப் பருவத்தோடு பொருத்துங்கள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இருமுறை படியுங்கள். நான் இழந்த காலத்தில் பாதி இங்கேதான் போயிற்று.

என்பிஓபி விதிப்படி மாற்றுக் காலம், ஒரு பருவப் பயிருக்கு விதைப்புக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள். தென்னை போன்ற நீண்டகாலப் பயிருக்கு அறுவடைக்கு முந்தைய மூன்று ஆண்டுகள். முன்னதில் விதைப்பு, பின்னதில் அறுவடை என்ற இந்த வேறுபாட்டை நான் கவனிக்கவில்லை.

நான் பதிந்தது 2019 ஜூன் இறுதி. மஞ்சள் எங்கள் பக்கம் வைகாசிக் கடைசியில் நடப்படும். இரண்டு ஆண்டுகள் 2021 ஜூன் இறுதியில் முடிந்தன. ஆனால் அந்த ஆண்டு மஞ்சள் அதற்குச் சில வாரங்கள் முன்பே நடப்பட்டுவிட்டது. எனவே 2022இல் நட்டு 2023 மாசியில் தோண்டிய மஞ்சள்தான் முழு அங்ககம் என்று ஏற்கப்பட்டது. அதே பதிவில், 2021 ஆடியில் விதைத்த மானாவாரிக் கடலைக்கு அந்த ஆண்டே சான்று கிடைத்தது. மூன்று ஆண்டுக் காத்திருப்பு கொண்ட தேங்காய்கூட 2022 ஜூலையில், மஞ்சளுக்கு முன்பே, தகுதி பெற்றுவிட்டது. சில வாரத் தாமதம் முழுதாக ஓர் ஆண்டைத் தின்றது.

ஆகவே உங்கள் முதன்மைப் பயிரின் நடவு மாதத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னதாக விண்ணப்பம் கொடுத்து, பதிவுத் தேதி நடவுக்கு முன் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சளுக்கு என்றால் தை மாதத்தில் கையில் தாள்கள் தயாராக இருக்க வேண்டும்.

‘பத்து ஆண்டுகளாக மருந்தே அடிக்கவில்லை, எனக்கு எதற்கு மாற்றுக் காலம்?’ என்று கேட்பீர்கள். ஆவணம் வலுவாக இருந்தால் காலத்தைக் குறைக்க விதியில் இடமுண்டு. ஆனால் நினைவு ஆவணமாகாது. இடுபொருள் ரசீதுகள், முந்தைய பிஜிஎஸ் பதிவுகள், சோதனை முடிவுகள் இருந்தால் விண்ணப்பத்துடனேயே இணையுங்கள். பின்னால் கொடுத்தால் எடுபடுவது கடினம்.

6. பண்ணைக் குறிப்பேடு

அன்றன்று செய்த வேலையை அன்றன்றே எழுதுங்கள். என்ன விதை, எங்கே வாங்கியது, எவ்வளவு. எந்த எரு, யாருடைய மாட்டிலிருந்து. பஞ்சகவ்யம் எந்தத் தேதியில், எந்தப் பாத்தியில். எத்தனை ஆள், எவ்வளவு விளைந்தது, எங்கே சேமித்தது, யாருக்கு விற்றது. ஆய்வாளர் முதலில் கேட்பது இதைத்தான். ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதிய குறிப்பேட்டை அவர் பார்த்த உடனே கண்டுகொள்வார். மண் படிந்த, அடித்தல் திருத்தல் உள்ள நோட்டுக்குத்தான் அங்கே மரியாதை.

விளைச்சல் கணக்கு குறிப்பாக முக்கியம். ஒரு ஏக்கரில் விளையக்கூடியதைவிட அதிகமாக விற்றதாகக் கணக்கு இருந்தால், வெளிச் சரக்கு கலந்ததாகவே பொருள்படும்.

7. ஆய்வில் அகப்படும் தவறுகள்

மருந்து வாங்கித் தெளிப்பவர்கள் அகப்படுவது நியாயம். தெளிக்காதவர்களும் அகப்படுகிறார்கள் என்பதே என் கவலை. நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

கடையில் வாங்கும் விதைக்கடலை பூஞ்சைக்கொல்லி பூசி வரும். இளஞ்சிவப்பு நிறமே அடையாளம். அங்கக விதை கிடைக்காதபோது மருந்து பூசாத சாதாரண விதைக்கு முன்னனுமதி கேட்கலாம். வாங்கிய பிறகு கேட்டால் பயனில்லை. பெருங்கோழிப் பண்ணைகளிலிருந்து வண்டிக்கணக்கில் வரும் எருவுக்கும் இதே போலச் சிக்கல் உண்டு. தொழிற்சாலை முறையில் வளர்க்கும் கால்நடைகளின் எருவை விதி ஏற்பதில்லை.

கைத்தெளிப்பானைக் கடன் வாங்காதீர்கள். பக்கத்துக் காட்டில் களைக்கொல்லி அடித்த தெளிப்பானில் நீங்கள் பஞ்சகவ்யம் அடித்தால், எச்சச் சோதனைக்கு அந்த வேறுபாடு தெரியாது. அயலார் நிலத்திலிருந்து காற்றிலும் வாய்க்கால் நீரிலும் வருவதைத் தடுக்க எல்லையில் இடைவெளிப் பகுதி விட்டு, வரப்பை உயர்த்தி, வேலிப்பயிர் வைக்க வேண்டும். அகலம் எவ்வளவு என்பதை உங்கள் நிலத்தின் அமைப்பைப் பார்த்து ஆய்வாளர் சொல்வார். அந்த இடைவெளியில் விளைந்ததை அங்ககக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மஞ்சள்காரர்களுக்கு இன்னொன்று. தோண்டும் வரை எல்லாம் சரியாக இருந்து, வேகவைக்கும் கொப்பரையிலும் மெருகேற்றும் உருளையிலும் கெட்டுப்போகிறது. வாடகை உருளையில் உங்களுக்கு முன் யாருடைய மஞ்சள் ஓடியதோ அதன் தூசி உங்கள் மஞ்சளில் ஒட்டும். உருளையைக் கழுவி, முதல் சுற்று மஞ்சளைத் தனியே ஒதுக்கி, அதைத் தேதியுடன் குறிப்பேட்டில் எழுதுங்கள். அரைத்துத் தூளாக விற்பதென்றால், அரைக்கும் ஆலைக்கும் பதப்படுத்தும் சான்று வேண்டும். சான்றில்லாத ஆலையில் அரைத்த அந்தக் கணமே உங்கள் தூள் அங்ககம் அல்லாததாகிவிடும்.

8. சான்று கைக்கு வந்த பின்

உங்கள் பெயரில், இன்னின்ன பயிர், இவ்வளவு பரப்பு, இவ்வளவு விளைச்சல் என்று ஓராண்டுக்குத் தருவது ஸ்கோப் சர்டிபிகேட். அதைச் சட்டமிட்டு மாட்டினால் மட்டும் விற்பனை நடக்காது. ஒவ்வொரு விற்பனைக்கும் டிரான்சாக்‌ஷன் சர்டிபிகேட், அதாவது டிசி, எடுக்க வேண்டும். எந்தச் சரக்கு, எத்தனை கிலோ, யாரிடமிருந்து யாருக்கு என்பது அபீடாவின் டிரேஸ்நெட் தளத்தில் பதிவாகி, அந்த அளவு உங்கள் இருப்பில் கழியும்.

முத்திரை உண்மையில் வேலை செய்வது இந்த இடத்தில்தான். 2020இல், உலக அங்ககத் துணித் தரமான காட்ஸ் அமைப்பு, இந்தியப் பருத்தியில் 20,000 டன் அளவுக்குப் போலி டிசிகள் மூலம் மோசடி நடந்ததைக் கண்டறிந்து, 11 நிறுவனங்களைத் தடை செய்தது. நேர்மையாகப் பருத்தி விளைவித்தவர்களின் பெயரும் அதில் சேர்ந்து கெட்டது. ஆகவே வியாபாரி ‘டிசி எல்லாம் எதற்கு, ஸ்கோப் நகல் ஒன்று கொடுங்கள் போதும்’ என்றால் கொடுக்காதீர்கள். உங்கள் நகலை வைத்து எத்தனை டன் வெளிச் சரக்கு அங்ககமாகும் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், யாருக்கு, எந்தத் தேதியில், எதற்காக என்பதை அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

டிசிக்குச் சில நாட்கள் பிடிக்கும். லாரியை வரச் சொல்லிவிட்டு விண்ணப்பிக்க வேண்டாம்.

9. பொட்டலத்தில் எழுதக்கூடியதும் கூடாததும்

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அங்கக உணவு ஒழுங்குமுறைகள் 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. என்பிஓபி அல்லது பிஜிஎஸ் சான்று இல்லாமல் பொட்டலத்தில் அங்ககம் என்று எழுதி விற்கக் கூடாது. உண்பவருக்கு நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு, ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருந்தால், சரிபார்ப்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அப்படி விற்றவரும், சான்று பெற்ற அங்கக உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரையை அச்சிட முடியாதிருந்தது. முத்திரைகளின் வடிவம் மாறுவதுண்டு. பத்தாயிரம் உறை அச்சிடுவதற்கு முன் மாதிரியைச் சான்றளிப்பவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

‘நூறு சதவீதம் நஞ்சில்லாதது’ என்று எழுதாதீர்கள். சான்று சொல்வது நீங்கள் விளைவித்த முறையைப் பற்றி. காற்றிலும் நீரிலும் வந்து சேரும் எச்சத்துக்கு, சாதாரண உணவுக்கு ஏற்கப்பட்ட அளவில் 5 விழுக்காடு வரை அங்கக உணவிலும் விதி இடமளிக்கிறது. ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’, ‘பசுமைப் பொருள்’ போன்ற பொதுச் சொற்களுக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது.

இன்னொன்றையும் உண்பவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இந்தச் சான்றின் ஆய்வு மண்ணையும் இடுபொருளையும் பார்க்கிறது. மாசி வெயிலில் மஞ்சள் தோண்டும் பெண்களுக்கு என்ன கூலி கொடுத்தேன் என்று என்னிடம் யாரும் கணக்குக் கேட்டதில்லை. விளைவிப்பவருக்குக் குறைந்தபட்ச விலையையும் சமூகத் தொகையையும் உறுதிசெய்ய முயலும் ஃபேர்டிரேட் போன்ற முத்திரைகள் வேறு. அவற்றின் விதிகளும் வேறு. ஒரு முத்திரையைக் காட்டி மற்றொன்றின் நற்பெயரை வாங்கக் கூடாது. நாங்கள் எங்கள் உறையின் பின்புறத்தில் தோண்டுகூலியை ஒரு வரியாக அச்சிடத் தொடங்கியிருக்கிறோம். எந்த விதியும் அதைக் கேட்கவில்லை.

10. புதுப்பித்தல்

ஸ்கோப் சர்டிபிகேட் முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பித்தலுக்குக் கட்டணமும் அடுத்த ஆண்டின் பயிர்த் திட்டமும் கொடுங்கள். இடைவெளி விழுந்தால் அந்த நாட்களில் டிசி எடுக்க முடியாது. நீண்டால் மாற்றுக் காலம் மறுபடி தொடங்கும் ஆபத்தும் உண்டு. தேதியைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். தோண்டும் பருவத்தில் அது உங்கள் நினைவுக்கு வராது.